குழாயடிக் காட்சி

வானம் மஞ்சளாக இருக்கிறது. மஞ்சளாக இருக்கக் கூடாது. இந்த வானத்தை நீலச் சாம்பலாக்குவதற்கு இசக்கி என் கண்ணாடிக்கடை மாடியில் உட்கார்ந்து ஒரு வாரம் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டினாள், நான் கொண்டுபோய் வைக்கிற டீ முந்தின டீக்குப் பக்கத்தில் ஆறிக்கொண்டு கிடக்கும், கடைசியில் ஒருநாள் படியில் தடதடவென்று இறங்கிவந்து "யக்கா, வானம் வந்துட்டு" என்றாள், கண் பரிசோதனைக்கு வந்திருந்த ஒரு வாத்தியார் எழுந்து வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார். அந்த வானம் இல்லை இது. இது அதற்கு முந்தினது, அவள் முதன்முதலில் எனக்குப் போட்டுக் காட்டிய படத்தின் வானம். ஒருவேளை புரொஜெக்டர்தான் மஞ்சளடிக்கிறதோ. எங்கள் திரைவிழாவுக்கு உப்புக்காற்று என்று நான் பெயர் வைத்த ராசி, தூத்துக்குடிக் காற்றில் வருஷம் ஒன்றாவது துருப்பிடிக்கும், போன வருஷம் ஸ்பீக்கர், இந்த வருஷம் புரொஜெக்டராக இருக்கட்டுமே, துருவாகவே இருக்கட்டும் மாதாவே என்று வேண்டிக்கொண்டிருக்கும்போதே ஸ்பீக்கரில் காக்கா கத்துகிறது. போச்சு. காக்காவை அவள் எடுத்துவிட்டாள். "காக்கா கத்துனா யாரோ வரப்போறாங்கன்னு பாக்குறவங்க நெனப்பாங்க யக்கா, இந்தப் படத்துல யாரும் வரமாட்டாங்க" என்று சொல்லிச் சொல்லி ஒவ்வொரு காக்காவாகப் பொறுக்கி எறிந்தவள் அவள். வியாபாரிகள் சங்க மாடியில், கறுப்புத் துணி கட்டிய ஜன்னல்களுக்கு நடுவே, இத்தனை பேர் முன்னால் இப்போது அந்தக் காக்கா உயிரோடு கத்துகிறது. ஓடிக்கொண்டிருப்பது பழைய படம்.

எப்படி வந்தது என்று கேட்டால் என்ன சொல்லுவேன். மத்தியானம் இசக்கி பென் டிரைவைக் கையில் கொடுத்தாள், நான் லேப்டாப்பில் போட்டேன், இதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே, மாற்றிவிடவா, விட்டுவிடவா என்று அது கேட்டது. ஒழுங்காகத்தான் கேட்டது. அந்த நேரம் பார்த்து வாடகை நாற்காலி கொண்டுவந்தவர் கீழே நின்று ஹெலன் மேடம், ஹெலன் மேடம் என்று கூவினார், இருக்கிறதென்றால் இருக்கட்டும், ஒரே படத்தை எதற்கு ரெண்டு தரம் ஏற்ற வேண்டும் என்று விட்டுவிடு என்பதை அழுத்திவிட்டு ஓடினேன். பதறாத காரியம் சிதறாது என்று கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுகிற வாய்தான் இது. இருந்தது பழையது, நான் விழாத் தேர்வுக்காகப் பார்த்தது, பார்த்துவிட்டு அழிக்க மனசில்லாமல் வைத்திருந்தது. பெயரையாவது அவள் மாற்றி வைத்திருக்கக் கூடாதா. படம் எடுக்கிற பிள்ளைகள் எல்லாரும் இப்படித்தான், வானத்தின் நிறத்துக்கு ஒரு வாரம் செலவழிப்பார்கள், பெயரை மாற்ற ஒரு நிமிஷம் இராது. அவளைச் சொல்லி என்ன, அழுத்தினது என் விரல். ஆனால் அது அவசரத்தில் அழுத்தின விரல்தானா. இதை இப்போது நினைக்க வேண்டாம். படம் ஓடட்டும், வேறு எதையாவது நினை.

மூன்றாவது வரிசையில் இசக்கி உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் அவள் அண்ணன் கனிராஜ். திரையில் இருக்கிறவனும் அவன்தான். சவூதியில் ஒன்பது வருஷம் கட்டட வேலை பார்த்துவிட்டுத் திரும்பிவந்து, பேசுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்ட ஒருவன் வீட்டில் என்ன செய்கிறான் என்பதுதான் படம். காலையில் பைக் துடைக்கிறான். எங்கேயும் போகாத பைக், தினமும் துடைக்கிறான். சாப்பிடுகிறான், அம்மா இன்னொரு கரண்டி வைக்கும்போது கையால் மறைக்கிறான். சொன்னால் இவ்வளவுதான், இதற்கு யார் உட்காருவார்கள் என்று கேட்பார்கள், உட்கார்ந்துதானே இருக்கிறார்கள், பலசரக்குக் கடை பால்பாண்டி அண்ணாச்சிகூட இன்னும் தூங்கவில்லை. அந்தப் பெண் கேமராவை வைக்கிற இடம் அப்படி. எட்ட நின்று பார்க்கிற மாதிரியும் இல்லை, முகத்துக்குள் மூக்கை நுழைக்கிற மாதிரியும் இல்லை, வீட்டில் ஒருத்தர் வேலையாக இருக்கும்போது இன்னொருத்தர் அடுக்களை நிலையில் சாய்ந்து நிற்கிற தூரம். அந்தத் தூரத்தை யார் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கண்ணுக்கும் எழுத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அளந்தே இருபது வருஷமாகப் பிழைக்கிறேன், எனக்குத் தெரியாது. பழைய படத்தில் முக்கால் மணி நேரம் போனால் குழாயடிக் காட்சி வரும். அவன் குத்தவைத்துத் துண்டு துவைக்கிறான், அவள் கேமராவுக்குப் பின்னால் இருந்து, "கூட இருந்த அந்த ஆளு பேரு என்னண்ணே" என்று கேட்கிறாள். அவன் துவைத்துக்கொண்டே லல்லன் என்கிறான். பீகாரு. பக்கத்துக் கட்டிலு. காலைல எழுப்புனேன் எந்திக்கல. அவன் சாமானெல்லாம் நாந்தான் பெட்டில அடுக்குனேன். சோப்பு பாதி இருந்துச்சு, அதையும் வச்சேன். அதற்குப் பிறகு அழுகிறான், துண்டைப் பிழிந்துகொண்டே அழுகிறான், அவள் கேமராவை அசைக்கவில்லை, தானும் அழுதுகொண்டு பிடித்துக்கொண்டிருந்தாள் என்பது மூச்சில் கேட்கும். அன்றைக்கு ராத்திரி அவன் அவளிடம் சொன்னது ஒன்றே ஒன்று. "குழாயடில அழுதது மட்டும் வேண்டாம்ட்டி. மத்ததெல்லாம் வச்சிக்க."

அவள் எடுத்துவிட்டாள். என் முன்னால்தான் எடுத்தாள். படத்தின் உயிரே அதுதான் என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாதா, ஆனாலும் பாயிலிருந்து ஒரு நூலை உருவுகிற மாதிரி உருவிப் போட்டுவிட்டு, "என்ன நம்பித்தான் யக்கா குத்தவச்சு உக்காந்தான்" என்றாள். எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், அடுத்த வீட்டுக் கண்ணீர் கிடைத்தால் அதை வைத்து நாலு ஊர் சுற்றிவருகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். இவளுக்கு வயது இருபத்தாறு. அன்று கடையை அடைத்துவிட்டு வீட்டுக்கு நடக்கும்போது எனக்கு அவள்மேல் ஒரு மரியாதை வந்தது, பயம் மாதிரியான மரியாதை. அண்ணன் இதுவரை படத்தைப் பார்த்ததில்லை, வரமாட்டேன் வரமாட்டேன் என்றவன் இன்றைக்கு அந்தத் துடைத்த பைக்கில் தங்கையை வைத்துக்கொண்டு வந்து இறங்கினான், இஸ்திரி போட்ட சட்டை. அவனைத்தான் இருட்டில் உட்காரவைத்து, அவன் வேண்டாம் என்ற ஒன்றை, ஊரார் நடுவில் போட்டுக் காட்டப்போகிறேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்று சிரிக்கக்கூட முடியவில்லை. படம் தொடங்கினதும் இசக்கி ஒரு தரம் திரும்பிப் பின்னால் என்னைப் பார்த்தாள். வானம் மஞ்சளாக வந்த அந்த நிமிஷமே பார்த்துவிட்டாள். இருட்டில் அவள் முகம் தெரியவில்லை, என் முகம் லேப்டாப் வெளிச்சத்தில் அவளுக்குத் தெரிந்திருக்கும். எழுந்து வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை, திரும்பிக்கொண்டாள். அக்கா பார்த்துக்கொள்வாள் என்று திரும்பிக்கொண்டாள். அதுதான் என்னைக் கொல்லுகிறது.

நிறுத்து என்றால் நிறுத்திவிடலாம், ஒரு பொத்தான். ஆனால் இங்கே தொடங்கின படத்தை நிறுத்துவதில்லை. முதல் வருஷம் பாதியில் கரண்ட் போனது, சாத்தான்குளத்துப் பஸ் கண்டக்டர் ஒருத்தர் எடுத்த படம், எல்லாரும் எழுந்துவிடுவார்கள் என்று நான் டார்ச் தேடினேன், அந்த மனுஷன் திரைக்கு முன்னால் போய் இருட்டில் நின்று மிச்சப் படத்தை ஒவ்வொரு காட்சியாக வாயாலேயே சொன்னார், இப்ப அவ கதவத் தெறக்கா, வெளிய மழை, ஆனா சத்தம் வராது என்று, ஒருத்தர் எழுந்திருக்கவில்லை, கைக்குழந்தைகூட அழவில்லை. அன்றைக்குச் செய்த சபதம் இது. அதற்குப் பிறகு ஒரு வருஷம் வெள்ளைச்சட்டைக்காரர்கள் நாலு பேர் வந்து கதவருகே நின்று நிப்பாட்டுங்க என்றார்கள், நான் எழுந்துகூட நிற்கவில்லை. இன்னொரு வருஷம் புயல் மழை, ஒரு படத்துக்கு ரெண்டே பேர், அதில் ஒருத்தர் மழைக்கு ஒதுங்கினவர், அந்தப் படத்தின் டைரக்டர் ஹார்ட் டிஸ்க்கைப் பெண்டாட்டியின் சேலையில் சுற்றித் தேனியிலிருந்து கொண்டுவந்திருந்தான், ரெண்டு பேருக்கு முன்னால் எழுந்து நின்று நிறைந்த சபைக்குப் பேசுகிற மாதிரி வணக்கம் சொன்னான், மழைக்கு ஒதுங்கினவர் பதில் வணக்கம் சொன்னார். அவர்களுக்கெல்லாம் நான் என்ன செய்தேன். சோறு போட்டேன், மாடியில் பாய் விரித்தேன், வந்தவர்கள் கண்ணையெல்லாம் சோதித்தேன், பாதிப் பேருக்குக் கிட்டப்பார்வை, படம் எடுக்கிறவர்கள் கண்ணைக் கெடுத்துக்கொண்டு எடுக்கிறார்கள். பெரிதாக நான் கொடுத்ததெல்லாம் இந்த ஒரு வாக்குத்தான், உங்கள் படம் இங்கே கடைசிவரை ஓடும். அதை நானே உடைக்க வேண்டுமா. உடைக்காவிட்டால் அவள் தன் அண்ணனுக்குக் கொடுத்த வாக்கு உடையும். என் வாக்கா அவள் வாக்கா. இதில் யோசிக்க என்ன இருக்கிறது, யோசிக்கிறேனே, யோசித்துக்கொண்டே இருக்கிறேனே, திரையில் அவன் பைக் துடைத்துவிட்டு வாளியைக் கவிழ்க்கிறான்.

ஏன் யோசிக்கிறாய் என்று சொல்லட்டுமா ஹெலன். உனக்கு அந்தக் காட்சி வேண்டும். இத்தனை பேரும் அதைப் பார்க்க வேண்டும் என்று உனக்கு ஆசை. புதுப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் குழாயடி வராத இடத்தில் உனக்கு நாக்கு வறளும். அந்த விரல் அவசரத்தில் அழுத்தினதா, ஆசையில் அழுத்தினதா, சாமி சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. இதைவிட மோசம், இப்போதுகூட உள்ளே ஒருத்தி, சரி நடந்தது நடந்துவிட்டது, ஓடட்டும், அவனும் பார்க்கட்டும், பார்த்தால் மனசு மாறினாலும் மாறும் என்கிறாள். நல்ல மனசுக்காரிதான். அவனுடைய முதுகைப் பார். இஸ்திரி மடிப்பு கலையாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறான், ஆஸ்பத்திரியில் டோக்கன் கூப்பிடக் காத்திருக்கிற மாதிரி. தன் வீட்டு வாசலும் தன் அம்மா கையும் பெரிதாகத் தெரிவதை வெட்கத்தோடு பார்த்துக்கொண்டிருக்கிறான், கரண்டியைக் கையால் மறைக்கிற இடத்தில் யாரோ லேசாகச் சிரித்தார்கள், அவனும் குனிந்து சிரித்த மாதிரி இருந்தது, இசக்கி அவன் பக்கம் திரும்பவே இல்லை, திரும்பினால் கலைந்துவிடும் என்று திரையையே பார்க்கிறாள். அந்த நம்பிக்கையின் மேலா நீ பரிசோதனை செய்யப்போகிறாய். கொடியில் துண்டு தொங்குகிறது. இந்தத் துண்டை அவன் எடுத்தால் அடுத்தது குழாயடி. காற்று அடிக்கிறது, துண்டு ஆடுகிறது, ஓரத்தில் அவன் கை வருகிறது. நான் நிறுத்திவிட்டேன்.

திரை வெள்ளையானது. விளக்கைப் போட்டேன், எல்லார் தலையும் திரும்பியது, இத்தனை வருஷத்தில் முதல் தடவை. நடந்து முன்னால் போகிற தூரம் கோயில் பிராகாரம் மாதிரி நீண்டது, செருப்புச் சத்தம் எனக்கே கேட்டது. "மன்னிச்சிருங்க. இது இசக்கி எனக்குக் குடுத்த படம் இல்ல. நான் பழசப் போட்டுட்டேன். தப்பு என்னோடது. சரியான படத்த ஏத்திட்டு மறுபடி தொடங்குதேன், கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க." யாராவது திட்டினால் நன்றாக இருந்திருக்கும். பால்பாண்டி அண்ணாச்சிதான் முதலில் தொண்டையைச் செருமினார். "அதுவரைக்கும் சும்மாவா இருக்க. பாத்தவரைக்கும் கண்டதச் சொல்லுவமே." எங்கள் வழக்கம் அது, படம் முடிந்ததும் நன்றாயிருக்கிறது என்றும் சொல்லக் கூடாது, நன்றாயில்லை என்றும் சொல்லக் கூடாது, நீ எதைக் கண்டாயோ அது ஒன்றைச் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டு உட்கார வேண்டும். ஆரம்பித்த வருஷம் வாய் வீச்சுக்காரர்களை அடக்குவதற்காக நான் கொண்டுவந்தது, இப்போது அவர்கள் கையில் இருக்கிறது. "நான் கண்டது, அந்தத் தம்பி வாளியக் கவுக்கும்போது கடைசித் தண்ணியச் செடிக்கு ஊத்துனாரு" என்றார் அண்ணாச்சி. ஒரு நர்ஸ் எழுந்தாள். "பைக்கோட கண்ணாடியத் தொடச்சாரு, ஆனா அதுல மூஞ்சி பாக்கல." இன்னொருத்தி, கூடையைக்கூட இறக்கிவைக்காமல் மடியில் வைத்திருந்தவள், "அந்த அம்மா மறுசோறு வைக்கையில வேண்டாம்னு கை வச்சாருல்லா, கரண்டி சுட்டுச்சு, ஆனாலும் கைய எடுக்கல" என்றாள். இருபது தரம் பார்த்திருக்கிறேன், எனக்கு அது தெரியாது, இசக்கிக்குத் தெரியுமா என்று பார்த்தேன், அவளும் வாயைத் திறந்துகொண்டு அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தர்கூடத் திரும்பிக் கனிராஜைச் சுட்டவில்லை. அவன் அங்கேதான் இருக்கிறான் என்று எல்லாருக்கும் தெரியும், அவன் இல்லாத மாதிரி, ஆனால் அவனுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்கள். இந்த ஊரை நான் எவ்வளவு திட்டியிருக்கிறேன். இவர்கள் காலில் விழலாம்.

நான் பின்னால் வந்து பென் டிரைவைச் செருகிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நிழல். கனிராஜ். அவன் குரலை நான் ஸ்பீக்கரில்தான் கேட்டிருக்கிறேன், நேரில் இன்னும் மெல்லிசாக இருந்தது. "பழசுல குழாயடி இருக்கா யக்கா." ஆமாம் என்றேன். "அதான் நிப்பாட்டுனீங்களா." ஆமாம். அவன் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தான், இசக்கி எழுந்து வந்து கொஞ்சம் தள்ளி நின்றாள். "நீங்க ரெண்டையும் பாத்திருக்கீங்க. எது நல்ல படம்?" "என்னக் கேக்காதீங்க தம்பி. அது ஒங்க விருப்பம், அவ ஒங்களுக்குச் சொன்ன வாக்கு." "விருப்பத்தக் கேக்கல. எது நல்லதுன்னு கேக்கேன்." பொய் சொல்லியிருக்கலாம், இசக்கியும் பொய் சொல்லுங்கள் என்கிற மாதிரித்தான் பார்த்தாள், ஆனால் கடையில் யாரிடமும் உங்கள் கண் நன்றாக இருக்கிறது என்று நான் சும்மா சொன்னதில்லை. "புதுசப் பாத்தா ஒங்களப் பாத்து எல்லாருக்கும் பாவமா இருக்கும் தம்பி. பழசப் பாத்தா பாவம்னு தோணாது. கூட இருந்தவனுக்கு ஒரு மனுஷன் என்ன செய்யணுமோ அதச் செஞ்சவர்னு தோணும்." முன்னால் யாரோ துண்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "லல்லன் பேரு அதுலதான வருது" என்றான். "அதுல மட்டுந்தான்" என்றாள் இசக்கி. அவன் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னான். "அப்ப அதையே போடுங்க. நான் பாக்க மாட்டேன். வெளிய நிக்கேன்." இசக்கி அவன் சட்டைக் கையைப் பிடித்தாள். "எண்ணே, எனக்காகச் சொல்லாத." "ஒனக்காகச் சொல்லலட்டி" என்றான்.

பழைய படத்தையே விட்ட இடத்திலிருந்து போட்டேன். துண்டு ஆடுகிறது, கை வருகிறது. இசக்கி உள்ளே இருக்கவில்லை, அண்ணன் பின்னாலேயே போய்விட்டாள், தன் படத்தின் உயிரான இடத்தை ஊர் முதன்முதலில் பார்க்கும்போது கூட இருக்க வேண்டும் என்று எத்தனை பேர் ஏங்குவார்கள், இவள் எழுந்து போய்விட்டாள். நான் கதவருகில் நிற்கிறேன். இந்தப் பக்கம் திரை, அந்தப் பக்கம் மாடிப்படி, படியின் மேல்தட்டில் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் ரெண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள், கீழே தெருவில் சாயங்கால வெளிச்சமும் மீன்வண்டி ஹாரனும். உள்ளே குழாய் திறக்கிற சத்தம். கூட இருந்த அந்த ஆளு பேரு என்னண்ணே என்று ஸ்பீக்கரில் இசக்கி கேட்கிறாள், வெளியே இசக்கி தலையைக் குனிந்துகொள்கிறாள். லல்லன், பீகாரு. உள்ளே ஒரு நாற்காலி அசையவில்லை. இருட்டில் வரிசை வரிசையாக அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பது தெரிகிறது, கூடைக்காரி முந்தானையை வாயில் வைத்திருக்கிறாள், பீகாரில் எங்கேயோ ஒரு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பெட்டியைப் பற்றித் தூத்துக்குடியில் ஒரு மாடி நிறைய ஆட்கள் மூச்சுப் பிடித்துக்கொண்டு கேட்கிறார்கள், இதற்குத்தான், வருஷா வருஷம் துருப்பிடித்த ஒயரோடு மாரடிப்பது இதற்குத்தான். சோப்பு பாதி இருந்துச்சு, அதையும் வச்சேன். அதற்குப் பிறகு அந்த அழுகை வருகிறது, சுவரைத் தாண்டி, கதவைத் தாண்டி, படிக்கட்டில் இறங்கித் தெருவரைக்கும் கேட்கிற மாதிரி வருகிறது. கனிராஜ் டிரம்மில் கையை வைத்துக்கொண்டு அதைக் கேட்கிறான். நான் குனிந்து, "சத்தத்தக் கொறைக்கட்டுமா தம்பி" என்று கேட்டேன்.

"வேண்டாம்" என்றான். "இருக்கட்டும்."